ஏழு வளையங்கள்

நான்காவது வளையத்தில் எண் இறங்கியது.

இரஞ்சிதம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணில் அறைந்த இரும்பு வளையத்தின் மேல் சட்டியைக் கவிழ்த்து இறுக்கினால், அடியிலிருந்து கசியும் காபனீரொட்சைட்டு, அந்தக் கரியமில வாயு, உள்ளே சேரச் சேர, கையிலிருக்கும் கருவியில் எண் ஏறிக்கொண்டே போகும். நில ஆய்வு அலுவலகத்தில் எல்லோரும் அதைச் சட்டி என்றுதான் சொல்வார்கள். பார்த்தாலும் கைப்பிடி வைத்த அலுமினியச் சட்டி போலத்தான் இருக்கும். பதினெட்டு வருட வேலையில் எண் வேகமாக ஏறிப் பார்த்திருக்கிறாள், மெதுவாக ஏறிப் பார்த்திருக்கிறாள், ஏறாமல் நின்றும் பார்த்திருக்கிறாள். ஏறி, கொஞ்சம் நின்று, பிறகு வந்த வழியே இறங்கி அவள் பார்த்ததில்லை. இறங்க வேண்டுமென்றால் வெளியே விட்ட வாயுவை மண்ணே திரும்ப உள்ளே இழுக்க வேண்டும்.

வளையத்தைச் சுற்றி ஈரச்சேற்றை அப்பி, ஓட்டை இல்லாமல் அடைத்துவிட்டு, சட்டியை மறுபடி கவிழ்த்தாள். எண் ஏறியது. நின்றது. இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, தை மாதம். கண்டிப் பக்கத்து மலைகளில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்து போய் ஒரு வருடமாகியிருந்தது. அம்பிட்டியவுக்கு அப்பால், கைவிடப்பட்ட மொட்டைமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்னும் மேட்டுப் பிரிவில், ஒரு சரிவில் பதினைந்தடி நீளத்துக்குப் புல் மஞ்சளாகிக் கருகிவிட்டது என்றும், அங்கே படுத்த நாய் எழும்பவில்லை என்றும், குருவிகள் விழுந்து கிடக்கின்றன என்றும் கிராம சேவகர் எழுதியிருந்தார். நிலத்தில் வெடிப்பு ஏற்பட்டு ஆழத்திலிருந்து வாயு வருகிறதா, பக்கத்தில் ஆட்கள் குடியிருக்கலாமா என்று ஐந்து நாட்களில் அறிக்கை கொடுக்க வேண்டும். காற்று அசையாத விடியற்காலையிலும் மாலையிலும்தான் சரியாக அளக்கலாம் என்பதால், இரஞ்சிதம் தோட்ட உத்தியோகத்தர்களின் பழைய குவாட்டஸிலேயே தங்கினாள். சாரதி முனாப் திங்கட்கிழமை அவளையும் பெட்டிகளையும் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். வான் வளைவில் மறைந்த பிறகு அதன் சத்தம் மட்டும் நெடுநேரம் மலையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் போனபின் யூக்கலிப்டஸ் இலைகளிலிருந்து பனித்தண்ணீர் சொட்டுவது கேட்டது.

அவள் கருகிய புல்லின் நீளத்துக்கு, இரண்டடிக்கு ஒன்றாக, ஏழு வளையங்களை வரிசையாக இறக்கியிருந்தாள். அன்று மாலை ஏழிலும் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஏழும் ஏறி இறங்கின. சரிவின் மறுபக்கம் போய்ப் பச்சைப் புல்லில் அளந்தாள். அங்கே எண் ஒழுங்காக, மெல்ல ஏறியது. கருவியில் பிழையில்லை.

குவாட்டஸ் வாசலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று கண்டியிலிருந்த அம்பிகைபாகனை அழைத்தாள். அவர் அவளுக்கு மேலதிகாரி. இரண்டு பேரும் ஒரே யாழ்ப்பாணத்துப் பேச்சு. காற்றழுத்தம் மாறினால் மண் அப்படிச் செய்யும் என்றார். காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு தடவைதான் மாறும், நிமிடத்துக்குப் பத்துத் தடவை மாறாது என்றாள். அவர் பேச்சை மாற்றினார்.

"குனிஞ்சுகொண்டு கனநேரம் நிக்காதையும், இரஞ்சிதம். முழங்காலுக்குக் கீழ காத்து கெட்டது. தலையிடிச்சா மனமும் என்னெண்டாலும் சொல்லும்."

எல்லா வளையங்களிலும் ஒரே நேரத்தில் வைக்கச் சின்னக் கருவிகள் ஏழை அடுத்த நாள் முனாப்பிடம் கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார்.

குவாட்டஸுக்கு நூறடி கீழே தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயம் இருந்தது. காம்பிரா என்று சொல்லும் எட்டு அறைகளில் ஏழுக்குக் கூரையில்லை. கடைசிக் காம்பிராவில் அங்கம்மா இருந்தாள். இரஞ்சிதத்தின் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். புருஷன் கொழும்புக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போய் அப்படியே நின்றுவிட்டான். மகள் குவைத்தில். மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கண்டியில் கடை, கட்டட வேலை என்று இறங்கிவிட்டன. அங்கம்மா மட்டும் பக்கத்துத் துண்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டு இங்கேயே கிடந்தாள். அவள் இங்கே இருக்கலாமா, எழும்ப வேண்டுமா என்பதுதான் இரஞ்சிதம் எழுதப்போகும் அறிக்கை. அது தெரிந்தும் மாலையானால் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியும் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் சரிவுக்கு மட்டும் வரமாட்டாள். பாதை திரும்பும் கொய்யா மரத்தடியில் நின்று தட்டை நீட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை முனாப் பெட்டியை வைத்துவிட்டு நிற்காமல் போனான். ஏழு கருவிகளையும் பொருத்தி, குவாட்டஸ் மேசையில் டெப்லட்டை வைத்தபோது, திரையில் ஏழு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பனி யன்னல் கண்ணாடியில் ஏறி நின்றது. பலகைச் சுவரில் ஈரத்தின் புளித்த வாடை. இரஞ்சிதம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

ஏழும் ஒரே மாதிரி இல்லை. முதலாவது அகலமாக, ஆழமாக, அவசரமில்லாமல் எழுந்து விழுந்தது. இரண்டாவது அதைவிட மெல்லியது. ஆறும் ஏழும் சின்னச் சின்ன அலைகள், வேகமானவை, கிட்டத்தட்ட ஒன்றோடொன்று சேர்ந்தவை. ஐந்தாவது ஏறும்போது ஒழுங்காக ஏறி, இறங்கும்போது நடுவில் தடக்கி, மறுபடி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தடக்கியது.

அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. தெரிந்ததைக் கொஞ்சநேரம் தனக்குள் சொல்லாமல் வைத்திருந்தாள்.

போன ஆவணியில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அவளுடைய அம்மா செத்துப்போனா. கொரோனாவால் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை இருந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரி போனைக் கட்டிலோரம் பிடித்துக்கொண்டிருக்க, இரஞ்சிதம் அம்பிட்டியவில் தன் வாடகை அறைக்குள் இருந்து, அம்மாவின் மூச்சை மூன்று மணிநேரம் எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினாறு. பதினொன்று. ஏழு. அதன்பிறகு பக்கத்து வீட்டுக்காரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த அறையில் இரஞ்சிதத்தின் மூச்சைத் தவிர வேறொரு மூச்சும் இல்லை.

திரையில் இருந்தது நித்திரை. பாய் போட்டு வரிசையாகப் படுத்திருக்கும் ஏழு பேரின் நித்திரை.

அவள் டெப்லட்டை மூடவில்லை. மூடியிருக்க வேண்டும். விளக்கை அணைத்து, கட்டிலில் சாய்ந்து, திரையின் நீல வெளிச்சத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே படுத்தாள். மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்தது.

புதன்கிழமை விடியற்காலையில் வளையங்களைச் சரிபார்க்கக் குனிந்தபோதுதான் மணம் வந்தது. வாயுவுக்கு மணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். கந்தக வாடை வந்திருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பாள். இது வேறு. கதவு யன்னல் சாத்திய ஒரு சின்ன அறைக்குள் ஆட்கள் இரவு முழுக்கப் படுத்தெழும்பிய வெக்கை. மண்ணெண்ணெய்ப் புகை, தேங்காயெண்ணெய் தலை, பிள்ளை நனைத்த சாக்கு. மூன்றாவது வளையத்தருகே அது முகத்தில் இளஞ்சூடாக வந்து மோதியது. போனது. திரும்ப வந்தது. நெஞ்சில் மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டது. அவள் எழுந்து பின்னால் நகர்ந்தபோது சட்டி கைதவறிக் கல்லில் விழுந்து கணீரென்றது.

குவாட்டஸுக்கு வந்து பதிவுகளைப் பார்த்தாள். ஐந்து மணி நாற்பத்திரண்டு. சத்தம் எழுந்த நேரம் அதுதான். ஏழு கோடுகளிலும் அந்த இடத்தில் ஒரு சின்ன நெளிவு இருந்தது. புரண்டு படுத்த மாதிரி.

அன்று மாலை கொய்யா மரத்தடியில் அங்கம்மாவிடம் நேராகக் கேட்டாள், அந்தச் சரிவில் முன்பு என்ன இருந்தது என்று. அங்கம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை இரஞ்சிதம் குறுக்கே பேசாமல் கேட்டாள். எண்பத்தாறாம் வருஷத்து மழையில் மேலே இருந்த மலை ஒரு பக்கம் இறங்கி, அங்கே நின்ற பழைய லயத்தை மூடிவிட்டது. விடிகிற நேரம், யாரும் எழும்பியிருக்கவில்லை. மற்றக் காம்பிராக்காரர்கள் முதல் நாளே மண் வெடித்ததைக் கண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள். அவளுடைய அப்பா மட்டும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. அங்கம்மாவுக்கு ஒன்பது வயது. கலகெதரையில் மாமா வீட்டில் நின்றாள். தோண்டினால் மிச்ச மலையும் வரும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். சுண்ணாம்பைக் கொட்டி, ஒரு தேவாரம் பாடி, அப்படியே விட்டுவிட்டார்கள்.

"அப்பா, அண்ணன், சித்தி, அம்மா, தம்பி, ரெண்டு தங்கச்சி," என்றாள் அங்கம்மா. விரலை மடிக்கவில்லை. எண்ணிப் பழகியவள். "நான் இங்கேருந்து போகாததுக்குக் காரணம் வேற ஒண்ணுமில்ல, மிஸ்."

ஏழு வளையங்களுக்கு இடத்தைத் தெரிவுசெய்தது இரஞ்சிதம். புல் கருகிய நீளத்தை அளந்து வகுத்ததில் வந்த எண்ணிக்கை. ஆறாகவும் வந்திருக்கலாம். எட்டாகவும் வந்திருக்கலாம்.

வியாழன் பகல் முழுக்க அவள் அறிக்கையை எழுதினாள். வாயு மட்டம் ஆபத்தானது, குடியிருப்பவரை உடனே அகற்ற வேண்டும். அதுவரை சரி. வாயு வெளியேறும் விதம் என்ற தலைப்பின்கீழே எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதினாள். அழித்தாள். பகலிலும் கோடுகள் ஓடின. பகலிலும் அவர்கள் தூங்கினார்கள்.

மாலை அங்கம்மா கொய்யா மரத்தடியில் நிற்கவில்லை. குவாட்டஸ் கதவைத் தட்டினாள். தலையில் மழைத்தூறல், கையில் தட்டில்லை.

"மிஸ், அந்த பெட்டி என்னா சொல்லுது?"

இரஞ்சிதம் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தாள். நிலத்தில் வெடிப்பிருக்கிறது, நஞ்சுக்காற்று வருகிறது, நீங்கள் கீழே போக வேண்டும். அதைச் சொன்னாள். அங்கம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் பார்வை மேசைக்குப் போனது. கிட்டப் போய்க் குனிந்து ஏழு கோடுகளையும் மேலிருந்து கீழே பார்த்தாள். படிக்கத் தெரியாத ஒருத்தி அதை எப்படிப் படித்தாள் என்று இரஞ்சிதத்துக்குத் தெரியவில்லை. அங்கம்மாவின் விரல் ஐந்தாவது கோட்டில், அது தடக்குகிற இடத்தில் போய் நின்றது.

"தம்பிக்கு இழுப்பு இருந்துச்சு," என்றாள். அவள் குரல் மாறவில்லை. "எனக்கு அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவுலதான் எடம். ராத்திரியெல்லாம் இவன் கொர்ருகொர்ருன்னு இழுத்துக்கிட்டு கெடப்பான். நான் முதுக தடவி விடுவேன்."

தூறல் தகரத்தில் விழுந்தது.

"மூச்சு விடுறாங்களா, மிஸ்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மண்ணில் அப்படி நடக்கும், வாயு அப்படித்தான் வரும், இதெல்லாம் வெறும் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருட வேலை அதற்குத்தான். ஆனால் இரண்டு இரவுகளாக அந்தக் கோடுகளின் பக்கத்தில் படுத்தெழும்பியவள் அவள். இதை இன்னொரு மனிதரிடம் சொல்லாமல் இனி ஒரு இரவையும் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"ஓம்," என்றாள். "விடுகினம். நித்திரை கொள்ளுகினம்."

அங்கம்மா தலையாட்டினாள். அழவில்லை. திரையை முந்தானையால் ஒருதடவை துடைத்துவிட்டு, போயிட்டு வாறேன் என்று இறங்கிப் போனாள். இரஞ்சிதம் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை லயத்தில் புகை எழவில்லை.

அங்கம்மா கொழுந்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாள். பத்து மணிக்கு இறங்கிப் போய்ப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே அடுப்புச் சாம்பல் குளிர்ந்திருந்தது. பாய் இல்லை. கொழுந்துக்கூடை சுவரில் மாட்டியபடி இருந்தது. கண்டிக்கு பஸ் பிடித்திருப்பாள், மகளுக்குப் போன் பேசப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள். குவாட்டஸுக்குள் போனதும் டெப்லட்டைப் பார்த்தாள். ஏழு கோடுகள். அதே ஏழு. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதல் என்று அவள் யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தது. ஐந்தாவது கோடு இப்போது தடக்கவில்லை. வழவழவென்று ஏறி, வழவழவென்று இறங்கியது.

நாலு மணிக்கு முனாப் வரவில்லை. நாலரைக்கு அழைத்தான். பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி அகற்ற ஆட்கள் வந்திருக்கிறார்கள், ஏழு மணியாகும் என்றான். சாமான்களைக் கட்டி வைக்கச் சொன்னான். பனி அன்று முன்னதாகவே இறங்கிவிட்டது; ஆறு மணிக்கு யூக்கலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய், கடைசியில் கொய்யா மரமும் போய், அவள் கையிலிருந்த டோர்ச் வெளிச்சம் மூன்றடிக்கு அப்பால் பாலில் கரைந்த மாதிரி நின்றது. கருவிகளைக் கழற்ற வேண்டும். அரசாங்கச் சாமான், விட்டுவிட்டுப் போக முடியாது. டெப்லட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைக்கருவியையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு சரிவுக்கு நடந்தாள்.

கருகிய புல்லின் ஓரத்தில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது.

நீல ரப்பர்ச் செருப்பு. குதிப்பக்கம் தேய்ந்தது. வாசலில் கழற்றி வைக்கிற மாதிரி, சோடியாக, ஒழுங்காக.

"அங்கம்மா."

அவள் குரலைப் பனி விழுங்கியது.

டோர்ச்சைச் சுற்றிப் பிடித்தாள். ஏழு வளையங்கள். நடுவில் மஞ்சள் புல். தோண்டிய தடமில்லை. கிளறிய மண்ணில்லை. ஒரு புல் முறியவில்லை. செருப்புக்கு அப்பால் ஒரு கால்தடம் கூட இல்லை. ஒரு இடத்தில் மட்டும், நான்காவது வளையத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், புல்லில் பனி படியவில்லை. ஒரு ஆள் நீளத்துக்கு அது காய்ந்திருந்தது. கை வைத்தாள். சூடு.

திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போக முடியவில்லை. ஓம் என்று சொன்னவள் அவள்தான்.

முழங்காலில் நின்று, அந்தக் காய்ந்த இடத்தில் சட்டியைக் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்தினாள். கைக்கருவி எண்ணத் தொடங்கியது.

ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

வேகமாக. மிக வேகமாக. நிமிடத்துக்கு நாற்பது. நாற்பத்தைந்து.

இது நித்திரை இல்லை.

இருட்டில் கண் திறந்த ஒருத்தி. கையை நீட்ட இடமில்லாதவள்.

இரஞ்சிதம் கையால் புல்லைப் பிடுங்கினாள். மண் கெட்டியாக இருந்தது, சிமெந்து போல, முப்பத்தாறு வருடம் இறுகிய மண். நகம் பிய்ந்தது. நெஞ்சுக் கருவி அலறியது. தலை சுற்றியது. அங்கம்மா, அங்கம்மா, பொறுங்கோ, எடுக்கிறன், பொறுங்கோ. சட்டியின் கைப்பிடியால் குத்தினாள். ஒரு கைப்பிடி மண் வந்தது. இன்னும் ஒன்று. கழுத்தில் தொங்கிய டெப்லட் மண்ணில் இடித்து வெளிச்சம் போட்டது.

சட்டியைத் திரும்ப மண்ணில் கவிழ்த்து ஊன்றிக்கொண்டு அவள் அதைப் பார்த்தாள்.

ஏழு கோடுகளும் நின்றிருந்தன.

ஏறவில்லை. இறங்கவில்லை. ஏழும் ஒரே நேரத்தில், ஒரே நொடியில், நேர்கோடாக நின்றிருந்தன. சத்தம் கேட்டு விழித்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்பார்களே, அப்படி.

அவளும் பிடித்துக்கொண்டாள். அசையவில்லை. பனி கண் இமையில் நனைந்தது. தூரத்தில், மலைக்குக் கீழே, ஒரு வான் கியர் மாற்றி ஏறுவது கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவளுக்கு இருமல் வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை.

இருமினாள்.

திரையில் ஏழு கோடுகளும் எழுந்தன. சேர்ந்து எழுந்தன. சேர்ந்து விழுந்தன. ஆழமானதும் மெல்லியதும் சின்னதும் என்ற வித்தியாசம் இப்போது இல்லை. நாற்பது. ஐம்பது. முகத்தில் வெக்கை மோதியது. மண்ணெண்ணெய். எண்ணெய்த் தலை. ஏழு வளையங்களைச் சுற்றியும் மஞ்சள் புல் ஒரே திசையில் சாய்ந்தது. நிமிர்ந்தது. அவள் பக்கமாகச் சாய்ந்தது.

அவள் கை சட்டியின் மேல் இருந்தது. உள்ளங்கையின் கீழே அது மெல்ல ஒரு விரல் அளவு உயர்ந்தது. நின்றது. பிறகு, அவள் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திக்கொண்டிருக்கும்போதே, ஓசையில்லாமல், இன்னும் ஒரு விரல்.